குதிரைவலு கடைசியில் வரட்டும்: நீர்ப்பம்பிக்கு ஏற்ற மோட்டரைத் தெரிவு செய்தல்

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஹாட்வெயார் கடைக்குப் போய் நீர்ப்பம்பி வேண்டும் என்று சொன்னால், மேசைக்கு அப்பால் நிற்பவர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை ஹோர்ஸ் பவர், ஐயா?" என்பதாகவே இருக்கும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, குழாய் எத்தனை அங்குலம், நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பவற்றை அநேகமாக யாரும் கேட்பதில்லை. வாங்குபவரும் அரை போதாமற் போய்விடுமோ என்ற பயத்தில் ஒன்றை வாங்குகிறார். ஒன்று காணாது என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னால் ஒன்றரைக்குப் போகிறார். குதிரைவலு இந்தக் கணக்கில் கடைசியாக வரவேண்டிய விடை. அதை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றவற்றை அதன் பின்னால் இழுப்பதால்தான் இங்கே இத்தனை மோட்டர்கள் எரிகின்றன, இத்தனை கிணறுகள் உவர்க்கின்றன என்பது பல வருடங்களாகப் பம்பிகளோடு பழகியதில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

மோட்டர் தண்டைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். தண்ணீரைத் தள்ளுவது அந்தத் தண்டில் பூட்டியிருக்கும் இம்பெல்லர். எவ்வளவு தண்ணீர் எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்பதை இம்பெல்லரின் விட்டமும் அகலமும், அது சுழலும் வேகமும், குழாய்வழி கொடுக்கும் தடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், வழக்கமான பம்பி மோட்டர் ஒன்று அரைக் குதிரைவலுவாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும் சுமையோடு நிமிடத்துக்கு 2,800 முதல் 2,900 சுற்றுகள் வரைதான் சுழலும். ஆகவே அதே பம்பியில் பெரிய மோட்டரைப் பூட்டினால் வேகம் கூடப்போவதில்லை. வேகம் கூடாவிட்டால் தண்ணீரும் கூடாது. பம்பி கேட்கும் வலுவைக் கொடுப்பதற்கு மட்டுமே மோட்டர் இருக்கிறது. கேட்பதைவிடச் சிறியதாக இருந்தால் அது சூடேறி எரியும்; மிகப் பெரியதாக இருந்தால் பாதிச் சுமைக்கும் குறைவாக ஓடி, வினைத்திறன் இறங்கி, மின்கட்டணத்தை ஏற்றும்.

பம்பி கேட்கும் வலுவைக் கணக்கிடுவதற்குப் பாடசாலைக் கணிதமே போதும். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வேண்டுமோ அதைத் தூக்கும் உயரத்தால், அதாவது மீற்றரில் எடுத்த மொத்த உயரத்தால் பெருக்கி, 4,560ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரவேண்டிய குதிரைவலு கிடைக்கும். பம்பி தான் வாங்கும் வலு முழுவதையும் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை என்பதால், அந்த விடையைப் பம்பியின் வினைத்திறனால் மேலும் வகுக்கவேண்டும். வீட்டுச் சிறு பம்பிகளின் வினைத்திறன் 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். தோட்டத்துக்கான நல்ல இரண்டு அங்குலப் பம்பி 50 முதல் 60 வரை தரும். பெரியவை 70ஐத் தாண்டும். இங்கே "மொத்த உயரம்" என்பதை அவதானமாக விளங்கிக்கொள்ளவேண்டும். கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளியே விழும் இடம்வரையான நேருயரமும், குழாயிலும், குழாய் திரும்பும் இடத்து முழங்கைகளிலும், உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்விலும் உராய்வால் இழக்கப்படும் உயரமும் சேர்ந்ததே அது. நீர்மட்டத்தையும் மாரியில் அளக்கக்கூடாது. தை மாதத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தண்ணீர், ஆவணியில் பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே நிற்கிறது என்பதே கணக்குக்குரிய அளவு.

ஆரையம்பதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோடையில் தண்ணீர் நிலத்திலிருந்து 3 மீற்றர் கீழே நிற்கிறது. தாங்கியின் வாய் 7 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குழாய்வழி 30 மீற்றர் நீளம். 1,000 லீற்றர் தாங்கி அரைமணி நேரத்தில் நிரம்பினால் போதும் என்றால், தேவை நிமிடத்துக்கு 33 லீற்றர். நேருயரம் 10 மீற்றர். ஒரு அங்குல பிவிசி குழாய் போட்டால் அந்த 30 மீற்றரில் உராய்வு ஏறத்தாழ 1 மீற்றர்தான். முழங்கைகளுக்கும் வால்வுக்கும் இன்னொரு மீற்றரைச் சேர்த்தால் மொத்தம் 12. முப்பத்துமூன்றைப் பன்னிரண்டால் பெருக்கி 4,560ஆல் வகுத்தால் 0.09 குதிரைவலு கூட வராது. 30 சதவீத வினைத்திறனில் தண்டுக்குத் தேவைப்படுவது 0.29. ஆக, அரைக் குதிரைவலு மோட்டர் இந்த வீட்டுக்குத் தாராளம். இதே வீட்டில் காசு மிச்சம் பிடிப்பதற்காக முழுத்தூரத்துக்கும் அரை அங்குலக் குழாய் போட்டால், உராய்வு மட்டும் 11 மீற்றருக்கு மேல் போய், முழங்கைகளும் சேர மொத்த உயரம் இரட்டிப்பாகிவிடும். அதே தண்ணீருக்கு அப்போது முக்கால் அல்லது ஒரு குதிரைவலு தேவைப்படும். உள்விட்டம் சரிபாதியானால் (அரை அங்குலம் என்று விற்கும் குழாயின் உள்விட்டம் ஒரு அங்குலக் குழாயினதின் பாதியைவிடச் சற்றுக் கூட) உராய்வு ஏறத்தாழ முப்பது மடங்காகிறது என்பதை நினைவில் வைத்திருப்பவர், பணத்தை மோட்டரில் போடாமல் குழாயில் போடுவார். குழாய்க்கு ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. மோட்டருக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டும்.

இனி, பம்பியின் பெட்டியிலும் தகட்டிலும் அச்சிட்டிருப்பதைப் பற்றி. ஒரு சிறு பம்பியில் "ஆகக் கூடிய உயரம் 35 மீற்றர், ஆகக் கூடிய பாய்ச்சல் நிமிடத்துக்கு 35 லீற்றர்" என்று போட்டிருந்தால், அது 35 மீற்றர் உயரத்துக்கு 35 லீற்றர் தரும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. அந்தப் பாய்ச்சலில் உயரம் ஏதுமில்லை. இரண்டும் ஒரு வளைகோட்டின் இரு நுனிகள், நமக்கு வேண்டிய புள்ளி நடுவில் எங்கோ இருக்கிறது. தகட்டில் போட்டிருக்கும் உவாற்று மோட்டர் மின்கம்பியிலிருந்து எடுப்பதா, தண்டில் கொடுப்பதா என்பதையும் பார்க்கவேண்டும். 750 உவாற்றை மின்கம்பியிலிருந்து எடுக்கும் சிறு மோட்டர் தண்டில் ஒரு குதிரைவலுவைக் கொடுப்பதில்லை. முக்கால் கொடுத்தாலே பெரிது.

எரிந்த மோட்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தைத் தாண்டமுடியாது. களுதாவளையில் வெற்றிலைக் கொடியும் மிளகாயும் வைத்திருந்த ஒரு தோட்டத்தில், இரண்டு குதிரைவலுப் பம்பி ஒன்று ஒரே சிறுபோகத்தில் இரண்டு தடவை எரிந்தது. வைண்டிங் செய்யும் கடையில் உறையைக் கழற்றியபோது செப்புச் சுருள் முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, வார்ணிஷ் கருகிய நெடி கடைக்கு வெளியிலும் வீசியது. ஒரு சுருள் மட்டும் கருகியிருந்தால் அது வேறு பிழை. எல்லாச் சுருளும் ஒன்றாகக் கறுத்திருந்தால் நெடுநேரம் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாம் முறை மூன்று குதிரைவலு போடும்படி தோட்டக்காரருக்கு ஆலோசனை கிடைத்தது. வயரைக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை நான் கொண்டுபோய்ப் பார்த்தபோது, 10 அம்பியர் என்று தகடு சொன்ன மோட்டர் 13 எடுத்துக்கொண்டிருந்தது. சுருளில் உண்டாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மூன்று அம்பியர் மேலதிகம் என்பது ஏறத்தாழ எழுபது சதவீத மேலதிக வெப்பம்.

அந்தத் தோட்டத்தில் மோட்டர் சிறியதாக இருக்கவில்லை. பம்பி இருபத்தைந்து மீற்றர் அளவிலான உயரத்துக்காகச் செய்யப்பட்டது. தோட்டத்துக் கிணற்றிலோ தண்ணீர் 4 மீற்றரில் நின்றது, ஹோஸ் நேராகப் பாத்தியில் விழுந்தது. மையநீக்கப் பம்பி, அதாவது நமது தோட்டங்களில் பெரும்பாலும் ஓடும் சாதாரண பம்பி, தடை குறையக் குறையக் கூடுதலான தண்ணீரைத் தள்ளும். கூடுதலான தண்ணீரைத் தள்ளத் தள்ளக் கூடுதலான வலுவைக் கேட்கும். உயரம் குறைந்தால் மோட்டருக்கு இலேசாக இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. வெளியேற்றும் குழாயில் ஒரு கேற் வால்வைப் பூட்டி மெல்ல மெல்ல மூடியபோது மீற்றர் 13இலிருந்து இறங்கி 9.5க்கு வந்தது, பாத்திக்குத் தேவையான தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று குதிரைவலுவுக்கான செலவு மிஞ்சியது. வால்வை நெரித்து ஓட்டுவது நல்ல முறை என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அங்கே நெரிபடுவது காசு கொடுத்து வாங்கிய மின்சாரம். தாழ்ந்த உயரத்துக்கென்று செய்த பம்பியைத் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் ஒரு குதிரைவலுவே போதுமாயிருந்திருக்கும்.

அந்த ஒரு குதிரைவலு எப்படி வந்தது என்பதையும் காட்டிவிடுகிறேன். ஒரு ஏக்கர் மரக்கறிக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் அது 20,000 லீற்றர். மணல் குடிப்பதையும் சேர்த்து 27,000 என்று வைப்போம். மூன்று மணி நேரம் இறைத்தால் நிமிடத்துக்கு 150 லீற்றர். நீர்மட்டம், இறைக்கும்போது ஏற்படும் தாழ்வு, இரண்டு அங்குலக் குழாயில் 100 மீற்றர் தூரத்துக்கான உராய்வு எல்லாம் சேர்த்து உயரம் 10 மீற்றர். விடை 0.33, 55 சதவீத வினைத்திறனில் 0.6, கால்வாசி கையிருப்புச் சேர்த்தால் 0.75. அதற்கு மேல் கடையில் கிடைக்கும் அளவாக ஒன்றை எடுத்தாலும் தவறில்லை.

வீடுகளில் இருக்கும் அரைக் குதிரைவலுப் பித்தளைச் சில்லுப் பம்பியின் குணம் இதற்கு நேர்மாறானது. விளிம்பில் சிறுசிறு பற்கள் கொண்ட அந்தச் சில்லு, தடை கூடும்போதுதான் கூடுதல் வலுவைக் கேட்கும். ஆகையால் அதன் வெளியேற்றும் குழாயில் வால்வை நெரிக்கக்கூடாது, அடைபட்ட குழாயோடு ஓடவிடவும் கூடாது. அதன் சில்லுக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி மயிரளவு என்பதால் மணலை அது தாங்காது. காத்தான்குடி முதல் கல்முனைவரை கிணற்றின் அடி முழுவதும் மணலாக இருக்கும் இந்தக் கரையில், ஃபுட் வால்வை அடியிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டாதவர்கள் வருடத்துக்கு ஒரு சில்லு மாற்றுவதை நான் கண்டிருக்கிறேன்.

மோட்டரின் அளவைப் பேசும்போது கிணற்றின் அளவை மறப்பதே எல்லாவற்றிலும் கவலைக்குரியது. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்றிட்டு. அதில் நமக்குக் கிடைக்கும் நன்னீர், மாரி மழையில் ஊறி, கனமான உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மெல்லிய படை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டு சொன்ன விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அதையே திருப்பிச் சொன்னால், நீர்மட்டத்தை நிலையாக ஒரு அடி தாழ்த்தினால் கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அடி மேலே வர வழி திறக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவு செய்வதற்காகப் பெரிய பம்பிகளை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தபோது உவர் தணியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். கடுமையாக இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழுந்து வரும். அந்தத் தண்ணீரை வெற்றிலைக் கொடிக்கு விட்டால் இலை விளிம்பு கருகும்.

கிணறு எவ்வளவு தரும் என்பதை அளப்பது கடினமில்லை. நாலடி அகலக் கொட்டுக் கிணறு ஒன்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்பது 350 லீற்றர். கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு அடி தாழும்வரை இறைத்து நிறுத்தி, மறுபடி முடிச்சுக்கு வர எடுக்கும் நேரத்தைப் பார்க்கவேண்டும். பத்து நிமிடம் எடுத்தால் ஊற்று நிமிடத்துக்கு 35 லீற்றர் அளவில் வருகிறது. அப்படிப்பட்ட கிணற்றில் நிமிடத்துக்கு 150 லீற்றர் இழுக்கும் பம்பியை வைத்தால் மூன்று நிமிடத்தில் ஒரு அடி இறங்கும். இன்னும் சற்று நேரத்தில் பம்பி காற்றை உறிஞ்சி, தண்ணீரின்றிச் சுழன்று, தண்டோரம் நீர் கசியாமல் தடுக்கும் சீல் வெந்துபோகும். இந்தக் கிணற்றுக்குச் சரியான வழி, சிறிய பம்பியை நீண்ட நேரம் ஓடவிட்டு ஒரு தொட்டியில் சேர்ப்பதுதான். பெரிய மோட்டர் ஊற்றைப் பெருக்காது. உறிஞ்சும் ஆழத்தையும் அது கூட்டாது: மேலே வைத்த பம்பி எதுவாயினும் காற்றமுக்கத்தின் துணையால்தான் தண்ணீரை ஏற்றுகிறது, அது நடைமுறையில் ஆறேழு மீற்றருக்கு மேல் உதவாது.

வாவிக்கு அப்பால், படுவான்கரையில், நிலைமை வேறு. கரும்பாறையில் துளைத்த குழாய்க் கிணற்றில் இறைக்கும்போது தண்ணீர் 18 மீற்றரில் நின்றால், தாங்கியின் உயரமும் உராய்வும் சேர்த்து 30 மீற்றர் ஆகும். நிமிடத்துக்கு 30 லீற்றருக்கு முக்கால் குதிரைவலு நீர்மூழ்கிப் பம்பி போதும். உன்னிச்சை, நவகிரி, சேனநாயக்க சமுத்திரம் ஆகிய குளங்களின் வாய்க்கால் முடிவிலுள்ள வயல்காரர்கள் வாய்க்காலில் இருந்து வரம்புக்குத் தண்ணீர் தூக்கும்போது, உயரம் நான்கு மீற்றர்கூட வராது, பாய்ச்சல்தான் பெரிது. நிமிடத்துக்கு 900 லீற்றர் என்றாலும் இரண்டு குதிரைவலுவுக்குள் அடங்கும், பம்பி தாழ்ந்த உயரத்துக்கு ஏற்றதாக இருந்தால்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டர் பூட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்தில் எழுதியிருக்கும் ஐந்து குதிரைவலு அதன் உச்சம்; தொடர்ந்து ஓடும்போது அது அவ்வளவு கொடுப்பதில்லை. மோட்டரின் தகட்டிலுள்ளதோ தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு. எனவே ஐந்துக்கு ஐந்து என்று மாற்றவேண்டிய அவசியமில்லை, பம்பியின் வேகத்தையும் பாய்ச்சலையும் அளந்து கணக்குப் பார்க்கவேண்டும். பெல்ட் போட்டு ஓட்டுபவர்கள் கப்பியின் அளவை மாற்றும்போது கவனமாக இருக்கவேண்டும்: வேகம் பத்து சதவீதம் கூடினால் தேவைப்படும் வலு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

கையிருப்பு எவ்வளவு வைப்பது என்பதில் ஆட்களுக்கு ஆள் வேறுபடுவார்கள். இரண்டு குதிரைவலுவுக்கு உட்பட்டவற்றில் கணக்கில் வந்ததற்கு மேல் 25 முதல் 50 சதவீதமும், ஐந்துவரை ஏறத்தாழ 25உம், அதற்கு மேல் 15 முதல் 20உம் என்பது நான் பின்பற்றும் அளவு. நமது பக்கத்தில் சற்றுத் தாராளமாக வைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மோட்டர்கள் பொதுவாக 40 பாகை செல்சியஸ் சுற்றுச்சூழலுக்கென்று செய்யப்படுகின்றன. ஆடி மாத நண்பகலில் தகரக் கொட்டிலுக்குள் அதைவிடக் கூடுதலான சூடு இருக்கும். கொட்டிலுக்குக் கிடுகு வேய்ந்து இரு பக்கமும் காற்றோட்டம் விட்டால் அது கால் குதிரைவலு கூட்டியதற்குச் சமமான பாதுகாப்பைத் தரும் என்று நம்புகிறேன்.

வோல்ற்றளவு இன்னொரு காரணம். 230 வோல்ற்றுக்குச் செய்த மோட்டருக்கு 200 வோல்ற்று மட்டுமே வந்தால் அதன் முறுக்கு, அதாவது தண்டைத் திருப்பும் பலம், நான்கில் மூன்றாகக் குறையும், அதே வேலையைச் செய்ய ஓட்டம் கூடும். இது மின்சார சபையின் கம்பியில் மட்டுமல்ல, நாம் இழுத்த வயரிலும் நிகழும். வீட்டிலிருந்து 60 மீற்றர் தள்ளி நிற்கும் கிணற்றுக்கு, இலாம்புக்குப் போடும் 1/1.13 வயரை (1.13 மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைக் கம்பி) இழுத்து ஒரு குதிரைவலு மோட்டரைப் பூட்டினால், ஓடும்போது 6 அம்பியருக்கு 13 வோல்ற்று வயரிலேயே போய்விடும். தொடங்கும் கணத்தில் ஓட்டம் ஐந்து மடங்காகும்போது அறுபது வோல்ற்றுக்கு மேல் இழக்கப்பட்டு, மோட்டர் உறுமிக்கொண்டு சுழலாமல் நிற்கும். 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பிகள் ஏழு) போட்டால் ஓடும்போது இழப்பு 5 வோல்ற்றுக்குச் சற்றுக் கூட, தொடங்கும்போது 27. உறுமி நிற்கும் மோட்டரைக் கண்டவுடன் பெரியதாக மாற்றுபவர், இன்னும் கூடுதலான ஓட்டத்தை அதே மெல்லிய வயரில் இழுக்கிறார்.

பம்பி பூட்டி முடிந்த அன்றே, தண்ணீர் வழமையான இடத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது, கிளாம்ப் மீற்றரை ஒற்றை வயரில் போட்டு ஓட்டத்தைப் பார்த்து, மோட்டர் தகட்டிலுள்ள அம்பியரோடு ஒப்பிடவேண்டும். தகட்டின் அளவில் 75 முதல் 95 சதவீதத்துக்குள் நின்றால் தெரிவு சரி. தாண்டினால், மோட்டரைத் தொடுவதற்கு முன் பம்பியின் உயரம் கிணற்றுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த அளவையும் அன்றைய நீர்மட்டத்தையும் பம்பிக் கொட்டில் கதவின் உட்பக்கத்தில் திகதியோடு எழுதிவைத்து, ஆவணியில் தண்ணீர் இறங்கிய பிறகு ஒருமுறை அளந்து அதற்குக் கீழே எழுதவேண்டும்.